பேனாக் காய்ப்பு

சித்தி மகள் கல்யாணத்துக்காகப் போன வாரம் தலைமுடியை நேராக்கிக்கொள்ளப் போயிருந்தேன். சென்னையில் நான் குடியிருக்கும் தெருமுனையிலேயே ஒரு பார்லர். அந்தப் பெண் சூடான பட்டைகளுக்கு நடுவில் முடியைக் கவ்வி இழுத்தபோது சன்னமாக ஒரு கருகல் வாசம் கிளம்பியது. பக்கத்து நாற்காலி அம்மாள் மூக்கைப் பொத்திக்கொண்டார். எனக்கோ, நம்புங்கள், "ம், அசல்தான்" என்று மனசுக்குள் ஒரு திருப்தி.

என்ன செய்வது, ஆரணி மூக்கு. எங்களூரில் முடி கருகுகிற வாசம் வந்தால்தான் பட்டு. புடவை ஓரத்திலிருந்து ஓர் இழையை உருவி, தீக்குச்சியைக் காட்டி, மோந்து பார்த்து, சாம்பலை விரலால் நசுக்க வேண்டும். பொடியாக உதிர்ந்தால் பட்டு. உருகி, உருண்டு, கெட்டியாக நின்றால் பாலியஸ்டர். கொண்டுவந்த ஆளைப் புடவையோடு வாசலுக்கு அனுப்பிவிடலாம். என் அப்பா பட்டுப் புடவை வியாபாரி. வீட்டின் பின்பக்கம் சொந்தத் தறிகளும் உண்டு. எங்கள் முன்னறையில் ஊதுவத்தி வாசத்தைவிட இந்த வாசத்தைத்தான் நான் அதிகம் சுவாசித்திருப்பேன்.

பார்லர் பெண் பேச்சுக் கொடுத்தாள். அவள் தம்பி இந்த வருஷம் ப்ளஸ் டூவாம். என்ன படிக்க வைப்பது என்று ஒரே குழப்பமாம். "நீங்க எப்பக்கா முடிச்சீங்க?" என்று கேட்டாள். சொன்னேன். கண்ணாடியில் அவள் புருவம் மேலே போயிற்று.

"ஐயே, பரீட்சை எழுதாமலே பாஸ் போட்டாங்களே, அந்த பேட்சாக்கா?"

எனக்கு இது பழகிப்போன கேள்விதான். முதல் வேலைக்கு நேர்காணலுக்குப் போனபோது அங்கே ஒருவர் என் மார்க் ஷீட்டை ஜன்னல் வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்துப் பார்த்தார், கள்ள நோட்டைப் பார்ப்பதுபோல. பெண் பார்க்க வந்த ஒரு குடும்பத்தில் மாப்பிள்ளையின் மாமா, "ஓ, கொரோனா பாஸா!" என்று சொல்லிவிட்டுப் பஜ்ஜியை எடுத்தார். அந்தச் சம்பந்தம் வேறு காரணத்தால்தான் நின்றது. ஆனாலும் அந்த மாமாவை நான் மன்னிப்பதாக இல்லை.

நியாயமாகப் பார்த்தால் சந்தேகப்படுகிறவர்கள்மேல் எனக்குக் கோபமே வரக்கூடாது. நானே பிறவிச் சந்தேகக்காரி. அப்பாவிடமிருந்து வந்தது. கடைப் பலகையில் "ஒரிஜினல்" என்று எழுதியிருந்தால் அப்பா அந்தப் பக்கமே போகமாட்டார். "அசலா இருந்தா அதை எதுக்கு எழுதி மாட்டிகினு இருக்கான்?" என்பார். யாராவது காரணமில்லாமல் சிரித்துப் பேசினால், அன்று முழுக்க அந்த ஆளுக்கு நம்மிடம் என்ன வேண்டியிருக்கும் என்று யோசித்துக்கொண்டே சாப்பிடுவார்.

அப்பேர்ப்பட்டவரும் ஒரு தடவை ஏமாந்தார். வெளியூர் ஆள் ஒருவர் கொண்டுவந்த புடவைகள். அப்பா வழக்கம்போல ஓரத்தில் ஓர் இழையை உருவிக் கொளுத்தினார். முடி வாசம் வந்தது. சாம்பல் உதிர்ந்தது. சந்தோஷமாக வாங்கி அடுக்கிவிட்டார். ஒரு கல்யாண வீட்டில் விளக்குச் சுடரில் முந்தானை உருகி உருண்டபோதுதான் தெரிந்தது, ஓரம் மட்டும்தான் பட்டு, உள்ளே எல்லாம் கலப்பு. ஆரணிக்காரர்கள் எங்கே கை வைப்பார்கள் என்று தெரிந்தே நெய்திருக்கிறார்கள், படுபாவிகள். அதற்குப் பிறகு கொஞ்ச நாள் எங்கள் வீட்டில் "ஓரமாப் போ" என்றுகூட யாரும் சொல்லமாட்டோம். அப்பா முகம் சுருங்கிவிடும்.

இந்தக் கதையைப் பள்ளிக்கூடத்தில் நான் இரண்டு பேரிடம் மட்டும் சொல்லியிருந்தேன். ஒருத்தி ஷபானா. எதையும் நம்புகிறவள். "நாளைக்குப் பரீட்சைத் தேதி வருதாம்" என்று வாட்ஸப்பில் எந்த மகராசன் கிளப்பிவிட்டாலும் முதலில் எங்களுக்கு அனுப்புகிறவள் அவள்தான். இன்னொருத்தி பவித்ரா. கதையைக் கேட்டு ஷபானா, "பாவம்டி உங்கப்பா" என்றாள். பவித்ரா வகுப்பே திரும்பிப் பார்க்கிற மாதிரி சிரித்தாள்.

பவித்ரா தேவிகாபுரத்திலிருந்து பஸ்ஸில் வருகிறவள். அவளுடைய அப்பாவுக்குப் பெங்களூரில் கட்டட வேலை, பொங்கலுக்கு வருவார். அம்மா கழனி வேலைக்குப் போகிறவர். பவித்ரா எங்களோடு காமர்ஸ் குரூப்பில் ஒரே பெஞ்சு. பேனாவை அப்படி அழுத்தி எழுதுவாள். அவள் எழுதிய தாளைத் திருப்பிப் போட்டுப் பின்பக்கத்தைத் தடவினால் வரி வரியாகக் கையில் தட்டும். நடுவிரலில் பேனா படுகிற இடத்தில் எங்கள் எல்லாருக்குமே காய்ப்பு இருந்தது. ப்ளஸ் டூ பிள்ளைகளுக்கு அது அடையாள அட்டை மாதிரி. யாருக்குப் பெரிது என்று விரலை ஒட்டிவைத்துப் பார்ப்போம். பவித்ராவுக்குத்தான் எப்போதும்.

கடைசி வருஷம் பள்ளி நடந்ததே கொஞ்ச காலம். மாஸ்க்கோடு உட்கார்ந்திருந்தோம். மத்தியானத்தில் தண்ணீர்த் தொட்டி நிழலில் ஒதுங்கி, முடிந்ததும் என்ன ஆகப்போகிறோம் என்று பேசுவோம். வருகிறவர்கள் எல்லாரும் எங்களுக்கு நம்பிக்கை ஊட்டிவிட்டுப் போனார்கள். அதுதான் எனக்கு இடித்தது. ஒரு நாள் பிரேயரில் யாரோ வந்து, "உலகம் உங்களுக்காகக் காத்துக்கொண்டிருக்கிறது மாணவிகளே" என்று முழங்கினார்.

"எதுக்காகக் காத்துகினு இருக்குதுன்னு சொன்னாரா?" என்று பவித்ரா என் காதில் கேட்டாள்.

இப்போது நினைத்தாலும் சிரிப்பு வருகிறது. அன்றைக்குச் சிரித்ததற்கு வெயிலில் நிற்க வைத்தார்கள். நின்றுகொண்டே பேர்வெல் நாளுக்கு என்ன புடவை என்று பேசினோம். ஆரணியில் பேர்வெல் புடவை என்றால் சாதாரணமில்லை. எந்தப் பார்டர் யார் வீட்டுத் தறியில் இறங்கியது என்று வகுப்பில் பாதிப் பேருக்குத் தெரியும். பவித்ராவுக்கு என் அம்மாவின் மயில்கழுத்துக் கலர் புடவை என்று முடிவாயிற்று. அப்பா கேட்டால் என்ன சொல்வது என்றுகூட யோசித்து வைத்திருந்தேன்.

சிரிப்பெல்லாம் ஒருபக்கம். பவித்ராவுக்கு அந்தப் பரீட்சை விளையாட்டு விஷயமில்லை. பத்தாவதில் பரீட்சை சமயம் பார்த்து மஞ்சள் காமாலை வந்து, கண்ணெல்லாம் மஞ்சளாக உட்கார்ந்து எழுதி, தட்டுத்தடுமாறிப் பாஸ் ஆனவள். அப்போதே அவள் அம்மா, செய்யார் கம்பெனியில் வேலை செய்கிற தன் தங்கையிடம் சொல்லி வைத்துவிட்டார், பதினெட்டு ஆனதும் இவளையும் பஸ்ஸில் ஏற்றிக்கொள் என்று. பவித்ரா அழுது அடம்பிடித்ததில் ஒரு பேச்சு முடிவானது. ப்ளஸ் டூ பரீட்சையில் நல்ல மார்க் எடுத்தால் காலேஜ். இல்லாவிட்டால் சித்தியோடு கம்பெனி பஸ்.

"கம்பெனி வேலை மட்டம் இல்லைடி. சித்தி அதுலதான் வீடு கட்டிச்சு" என்பாள். "ஆனா எனக்கு ஆடிட்டர் ஆபீஸ்ல உக்காந்து கணக்கு எழுதணும். அவ்ளோதான்."

ஆக அவளுக்கு எல்லாமே அந்தப் பரீட்சைதான். அதற்குத்தான் அப்படி எழுதி எழுதிக் காய்ப்புப் பிடித்திருந்தாள். அந்தப் பரீட்சையைத்தான் ரத்து செய்தார்கள்.

ஷபானா, "எல்லாரும் பாஸுடி!" என்று இதயம் இதயமாக அனுப்பினாள். இந்த ஒரு தடவை அவள் அனுப்பிய செய்தி உண்மை. எங்கள் தெருவில் கேக் வெட்டினார்கள். நான் கேக்கைத் தின்றுகொண்டே பவித்ராவுக்குப் போன் போட்டேன். எடுத்தது அவள் அம்மா.

"இன்னா பாப்பா, பரீட்சையே இல்லியாமே. நெஜமா?"

"ஆமாம்மா. எல்லாருக்கும் பாஸ்."

"எழுதாத எப்டி பாஸு போடுவாங்க? எந்த ஊர்ல நடக்குது இது? நீயும் அவளும் பேசி வச்சிகினு சொல்றீங்களா?"

டிவியில் சொல்கிறார்களே அம்மா என்றேன். "டிவில ஆயிரம் சொல்லுவான்" என்றார். அவரைத் தப்பாக நினைக்காதீர்கள். காகிதத்தில் வந்த எதுவும் அந்த அம்மாவுக்கு அதுவரை நல்லது செய்ததில்லை. எனக்கு அவரை ரொம்பப் பிடித்துப்போனது. என் அப்பாவே பெண்ணாகப் பிறந்த மாதிரி என்று நினைத்துக்கொண்டேன்.

மார்க் வந்தது. பழைய மார்க்குகளை வைத்துப் போட்ட கணக்கு. அதில் பத்தாவது மார்க்குக்குத்தான் பெரிய பங்கு. எனக்கு நான் எதிர்பார்த்ததைவிட அதிகம். பவித்ராவுக்கு அந்த மஞ்சள் காமாலை மறுபடி வந்து உட்கார்ந்துகொண்டது. அவள் அம்மா அவளைப் பிடித்துக் கேட்டார்.

"எழுதாத பரீட்சைக்கு எப்டிடி மார்க்கு கம்மியாச்சு?"

சித்தி, கம்பெனியில் ஆள் எடுக்கிறார்கள் என்று சொல்லிவிட்டார். அந்த நேரத்தில்தான் இன்னொரு அறிவிப்பு வந்தது. போட்ட மார்க்கில் திருப்தி இல்லாதவர்கள் விண்ணப்பித்து, தனியாகப் பரீட்சை எழுதலாம். ஆனால் எழுதினால் அதில் வருவதுதான் கடைசி மார்க். பழையது போய்விடும்.

இதைப் படித்ததும் எனக்கு உச்சி மயிர் நட்டுக்கொண்டது. "இதுல இன்னாவோ இருக்குதுடி. எழுதறவங்கள வேணும்னே கம்மியாப் போட்டா?" என்றேன். "ஏற்கெனவே போட்ட மார்க்கு தப்புன்னு ஆயிடக்கூடாதுன்னு பார்ப்பாங்க இல்ல?" ஷபானா முதல்முறையாக என் பக்கம் சேர்ந்தாள். அவளையே பயமுறுத்திவிட்டது அந்தக் காலம். பவித்ரா விரல் காய்ப்பைப் பல்லால் கடித்துக்கொண்டிருந்தாள். யோசிக்கும்போது அது அவள் பழக்கம்.

ஆரணி மூளைக்கு ஒரே வழிதான் தெரியும். ஓர் இழையை உருவிப் பார்த்துவிடுவது. எங்கள் தறிக்கூடத்தில் நாங்களே ஒரு பரீட்சை வைத்துக்கொள்வோம், பழைய அக்கவுண்டன்சி கேள்வித்தாள் ஒன்றை எடுத்து. அதில் பவித்ரா தேறினால் விண்ணப்பிக்கட்டும். தேறாவிட்டால் இருக்கிற மார்க்கைப் பிடித்துக்கொள்ளட்டும். இப்படி ஒரு யோசனை வேறு எந்த ஊர்ப் பெண்களுக்கும் வந்திருக்காது என்று அப்போது பெருமைப்பட்டேன்.

தறிகள் அப்போது ஓய்ந்து கிடந்தன. கல்யாணங்களே நடக்காதபோது புடவையை யார் கேட்பது? இப்போது மறுபடி ஓடுகின்றன, அந்தக் கவலை வேண்டாம். ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை பவித்ரா வந்தாள். என் அத்தை, "தேவிகாபுரத்துல எந்தத் தெரு?" என்று ஆரம்பித்தார். அத்தை இந்தக் கேள்வியை எல்லாரிடமும் கேட்பதில்லை. எனக்குக் காது சூடாகிவிட்டது.

"கடைசித் தெரு அத்தை. அதுக்கப்புறம் கழனிதான்" என்றாள் பவித்ரா, நேராகப் பார்த்து. அத்தை உள்ளே போனார். அப்புறம் தண்ணீர் கேட்டதற்கு அத்தை வரவில்லை, நான்தான் கொண்டுவந்தேன்.

கண்காணிப்பாளர் வேலையை அப்பா தானாகவே எடுத்துக்கொண்டார். பெரிய தப்பு. எங்கள் போன்களை வாங்கி அரிசி டிரம்முக்குள் போட்டு மூடினார். ஷபானாவின் துப்பட்டாவை உதறிக் காட்டச் சொன்னார். பவித்ராவின் ஸ்கேலை எடுத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"இதுல இன்னா எழுதியிருக்குது?"

"எம் பேருப்பா."

"பேரு எதுக்கு?"

"யாரும் எடுத்துகினு போய்டுவாங்கன்னு."

அப்பாவுக்கு இந்தப் பதில் பிடித்திருந்தது என்று எனக்குத் தெரிந்தது. ஸ்கேலைத் திருப்பிக் கொடுத்தார். "மூணு பேரும் எழுதுங்க" என்றும் உத்தரவு போட்டார். "ஒருத்தி எழுத, ரெண்டு பேரு வேடிக்கை பார்த்துகினு இருந்தா அது பரீட்சை இல்ல." நான் இதை எதிர்பார்க்கவில்லை. பரீட்சை இல்லை என்று தெரிந்த அன்றே புத்தகத்தைப் பரணில் போட்டவள் நான்.

நெய்கிறவர் கால் இறக்குகிற தறிக் குழிகளின் விளிம்பில் ஆளுக்கொன்றாக உட்கார்ந்து, பலகையை மடியில் வைத்து எழுதினோம். அப்பா நடுவில் நடந்துகொண்டே இருந்தார். யார் தும்மினாலும் நின்று பார்த்தார். பவித்ரா நடுநடுவே சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தாள். அந்த நாளில் தேவிகாபுரத்துக்கு பஸ் அரிதாகத்தான் ஓடியது. அதை விட்டால் அவள் அம்மாவிடம் யார் பதில் சொல்வது? கடைசிப் பெரிய கணக்கைத் தொடாமலே எழுந்துவிட்டாள்.

விடைக் குறிப்பை வைத்து நாங்களே திருத்தினோம். மூன்று பேருக்கும் அரசாங்கம் போட்ட மார்க்கைவிடக் குறைவு. அதிலும் எனக்கு வந்ததை இங்கே சொல்ல மாட்டேன். கொளுத்திப் பார்த்ததில் நான் உருகி, உருண்டு, கெட்டியாக நின்றேன் என்று வைத்துக்கொள்ளுங்கள். பவித்ராவுக்குக் கொஞ்சம்தான் குறைந்திருந்தது. ஆனாலும் குறைவு குறைவுதானே.

"வேணாம்டி" என்றேன். "இருக்கறதும் போய்டும்." ஷபானாவும், "ரிஸ்க்கு எதுக்குடி" என்றாள்.

பவித்ரா தன் தாளை மடித்துக்கொண்டே என்னைப் பார்த்துச் சிரித்தாள். "உங்கப்பா ஓரத்துல ஒரு இழை உருவி ஏமாந்தாரே, அதே கதைதான் நீயும் பண்ற. ஒரு பேப்பர வச்சி என்னிய மொத்தமா முடிவு பண்ணிட்டியா?"

அப்பா பின்னாலேயே நின்றுகொண்டிருந்தார்.

வீட்டில் யாரும் வாயெடுக்காத சமாச்சாரம். பவித்ரா திரும்பிப் பார்த்து, நாக்கைக் கடித்துக்கொண்டாள். அப்பா அவளையும் பார்த்தார், என்னையும் பார்த்தார். பிறகு அரிசி டிரம்மைத் திறந்து போன்களை எடுத்துத் துடைத்துக் கொடுத்தார். சாவியை எடுத்துக்கொண்டு வாசலுக்குப் போய் டிவிஎஸ்ஸை உதைத்தார். "ஜல்தியா வாம்மா, பஸ்ஸு போய்டும்" என்று கூப்பிட்டார். பவித்ரா ஏறி உட்கார்ந்ததும் தலையைத் திருப்பாமலே கேட்டார்.

"அப்ளிகேஷனுக்குக் கடைசித் தேதி என்னிக்கு?"

அவள் விண்ணப்பித்தாள்.

முதல் நாள் தமிழ்ப் பரீட்சை. எங்கள் பள்ளிக்கூடமேதான் மையம். உபரியாக ஒரு பேனா கொடுக்கிற சாக்கில் நானும் போனேன். பவித்ரா தன் அம்மாவோடு பஸ்ஸிலிருந்து இறங்கினாள். அன்றைக்குக் கூலி வேலையை விட்டுவிட்டு வந்திருந்தார் அம்மா. பெண்ணை உள்ளே அனுப்பிவிட்டு, கேட்டுக்கு எதிரே இருந்த மரத்தடியில் உட்கார்ந்தார். என்னை ஏற இறங்கப் பார்த்தார்.

"நீ ஏன் எழுதல?"

"எனக்குப் போட்ட மார்க்கே போதும்மா."

"எழுதாமலே போதுமா?" என்றார். நான் செருப்பைப் பார்த்தேன்.

அம்மா கேட்டைப் பார்த்தார். பிறகு குரலைத் தாழ்த்தி, "இந்த ஸ்கூலுக்கு வேற வழி எதுனா இருக்குதா?" என்றார்.

"பின்னாடி ஒரு கேட்டு இருக்குதும்மா."

"அது வழியா எங்கனா போவ முடியுமா?"

எனக்கு அப்போதுதான் உறைத்தது. பரீட்சை ரத்து, எல்லாரும் பாஸ், மார்க் கம்மி, மறுபடி பரீட்சை என்று நாங்கள் சொன்ன கதை எதையுமே அந்த அம்மா நம்பவில்லை. பெண் ஏதோ மறைக்கிறாள். எவன் பின்னாலோ போகத்தான் இத்தனை நாடகம் என்று மனசுக்குள் ஓடிக்கொண்டிருக்கிறது. அன்று உள்ளே பவித்ரா தமிழ்ப் பரீட்சை மட்டும் எழுதவில்லை. அம்மாவிடம் தான் பொய் சொல்லவில்லை என்பதற்கும் சேர்த்துத்தான் எழுதிக்கொண்டிருந்தாள், பாவம், அது அவளுக்கே தெரியாது.

"நீ போய் அந்தக் கேட்டாண்ட குந்து, கண்ணு" என்றார் அம்மா. "நான் இங்க பார்த்துக்கறேன்."

மறுக்கத் தோன்றவில்லை. போய் உட்கார்ந்தேன். சிநேகிதிக்குக் காவல்! சிரிக்காதீர்கள், கொஞ்ச நேரத்தில் எனக்கே சந்தேகம் பிடித்துக்கொண்டது. ஒருவேளை வந்துவிட்டாளானால்? எழுத வராமல் பாதியில் எழுந்து இந்த வழியாக வந்து, "அம்மாகிட்ட சொல்லாதடி" என்று கையைப் பிடித்தால் என்ன செய்வேன்? அந்த நேரம் பார்த்து ஒரு பையன் பைக்கில் வந்து அங்கேயே நின்றான். வாட்சைப் பார்க்கிறான், கேட்டைப் பார்க்கிறான். நான் எழுந்து நின்றுவிட்டேன். கடைசியில் உள்ளேயிருந்து ஓர் அலுவலர் வர, வண்டியிலிருந்து பிரியாணிப் பொட்டலங்களை எடுத்துக் கொடுத்துவிட்டுப் போனான். அந்த வாசத்தை முகர்ந்தபடி மீதி நேரமும் பசியோடு காவல் காத்தேன். பவித்ரா அந்த வழியாக வரவில்லை.

மணி அடித்ததும் முன்பக்கம் ஓடினேன். பிள்ளைகள் வெளியே வந்துகொண்டிருந்தார்கள். எல்லார் முகத்திலும் மாஸ்க். அம்மா கேட்டருகே நின்று ஒவ்வொரு முகமாகத் தேடினார். பவித்ராவைப் போலவே பச்சை ரிப்பன் கட்டிய யாரோ ஒரு பெண்ணின் கையைப் பிடித்து இழுத்துவிட்டு, "ஐயோ, நீ இல்லம்மா" என்று விட்டார். கூட்டம் குறைந்தது. பவித்ராவைக் காணோம். அம்மா என்னைத் திரும்பிப் பார்த்தார். அந்தப் பார்வை இன்னும் எனக்குள் இருக்கிறது. நான் பின்கேட்டில் நிஜமாகவே கண் மூடாமல்தான் இருந்தேனா என்று எனக்கே சந்தேகம் வந்துவிட்டது.

கடைசி ஆளாக வந்தாள். காகிதம் பிடுங்கும் வரைக்கும் எழுதிக்கொண்டிருந்தாளாம். கேட்டில் நின்ற ஆள் அவள் கையிலும் சானிடைசரை அடித்தார்.

"கையக் காட்டு" என்றார் அம்மா.

நீட்டினாள். அம்மா முகர்ந்து பார்த்தார். ஆஸ்பத்திரி வாசம். மை எதுவும் இல்லை.

"மை எங்க?"

"இப்பதாம்மா மருந்து அடிச்சாங்க. அழிஞ்சிடுச்சு."

அம்மா அந்தக் கையை வெயிலில் திருப்பி, நடுவிரலைத் தன் கட்டைவிரலால் தடவினார். காய்ப்புக்குப் பக்கத்தில் பேனா அழுத்திய பள்ளம் சிவப்பாக, ஆழமாக இருந்தது. ஓரத்தில் தோல் உரிந்திருந்தது. அம்மாவின் கட்டைவிரலிலும் காய்ப்பு உண்டு, அரிவாள் பிடித்தது. அந்த விரலால் அந்தப் பள்ளத்தைத் திரும்பத் திரும்பத் தடவிக்கொண்டே இருந்தார். வேலை செய்த கை எப்படி இருக்கும் என்று அவருக்கு யாரும் காகிதத்தில் எழுதிக் காட்ட வேண்டியதில்லை.

"எழுதிகீற" என்றார். அப்புறம் குனிந்து அந்த விரலில் ஊதினார், குழந்தைக்கு அடிபட்டால் ஊதுவதுபோல.

"இன்னாம்மா நீ, ரோட்டுல நின்னுகினு" என்று பவித்ரா கையை இழுத்துக்கொண்டாள். அவளுக்கு எதுவும் புரியவில்லை. எனக்கு அழுகை வந்துவிட்டது. சுலபமாக அழுகிறவள் இல்லை நான். யாராவது அழுதாலும், எதற்காக அழுகிறாள் என்று பார்க்கிறவள். அன்றைக்கு மாஸ்க்குக்குள் நன்றாக அழுதேன்.

மற்றப் பரீட்சைகளுக்கு அம்மா வரவில்லை. மார்க் வந்தது. பிரமாதம் என்று சொல்ல முடியாது. ஆனால் பழையதைவிட நல்ல மார்க், காலேஜுக்குப் போதுமான மார்க். பவித்ரா தாளை நீட்டியபோது அம்மா வாங்கிக்கூடப் பார்க்கவில்லையாம். "இத எவன் வேணா அடிச்சிக் குடுப்பான். நான்தான் கையப் பார்த்துட்டேனே" என்றாராம். பெண் கம்பெனிக்கு வரமாட்டாள் என்று தங்கைக்கு அன்றே சொல்லி அனுப்பிவிட்டார். பவித்ரா செய்யாருக்குத்தான் போனாள், காலேஜுக்கு. சித்தி போகிற கம்பெனி பஸ் சில நாள் அவள் பஸ்ஸை முந்திக்கொண்டு போகும்போது ஜன்னல் வழியாகக் கை காட்டுவாராம்.

பேர்வெல் நடக்கவே இல்லை. மயில்கழுத்துப் புடவை என் அம்மாவின் பீரோவிலேயே இருக்கிறது. அந்தப் பின்கேட்டை இப்போது செங்கல் வைத்து அடைத்துவிட்டார்கள்.

பார்லரிலிருந்து வந்ததும் பவித்ராவுக்குப் போன் போட்டேன். வேலூரில் ஆடிட்டர் ஆபீஸில் இருக்கிறாள், ஆசைப்பட்டபடியே. பார்லர் பெண் சொன்னதைச் சொல்லிப் புலம்பினேன். "நீ பரீட்சை எழுதுனவ. ஒரிஜினல். உனக்கு இந்த பேஜார் எல்லாம் இல்ல" என்றேன்.

"யாரு சொன்னா?" என்று சிரித்தாள். "ஊருக்குப் போனா அம்மா மொதல்ல எங்கையப் புடிச்சி விரலத்தான் தடவுது. இங்க எல்லாம் கம்ப்யூட்டர்தானே, காய்ப்பு மொத்தமாப் போச்சு. வழவழன்னு கீது. 'நெஜமாவே நீ வேலைக்குத்தான் போறியாடி'ன்னு கேக்குது."

"நீ இன்னா சொல்லுவ?"

"இன்னா சொன்னாலும் நம்பணுமே. அதான், ஊருக்குப் போறதுக்கு மொத நாளு ஆபீஸ்ல ஒரு பேனாவ வாங்கி, பழைய பேப்பர்ல அழுத்தி அழுத்தி எழுதிகினு இருப்பேன். பள்ளம் விழுற வரைக்கும்."

"இன்னாத்தடி எழுதுவ?"

"உங்க தறிக்கூடத்துல கடைசிக் கணக்கு ஒண்ண விட்டுட்டு ஓடினேனே, அதத்தான்."

போனை வைத்த பிறகு என் நடுவிரலைத் தடவிப் பார்த்தேன். வழவழவென்றுதான் இருந்தது. என் கையைப் பிடித்து யாரும் இப்படிச் சந்தேகப்பட்டதே இல்லை. மோந்தும் பார்த்தேன். பார்லரில் தடவிய கிரீம் வாசம்தான் அடித்தது.